ஹோண்டுராஸ் மரகதச் சிட்டு: முள்காட்டைக் காடு என்று ஒத்துக்கொள்ள இன்னும் என்ன வேண்டும்?

முள்வேலி:

ரீங்காரச்சிட்டு என்றாலே நம் எல்லோருக்கும் மழைக்காடுதான் கண்ணில் ஓடுகிறது. பனிமூட்டம், பாசி படர்ந்த மரம், ஆர்க்கிட் பூ. இங்கே பகிரப்படும் படங்களும் பெரும்பாலும் அப்படித்தான். அதற்கு நேர் எதிரான இடத்தில் வாழும் ஒரு சிட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்திய அமெரிக்காவில் உள்ள ஹோண்டுராஸில் 700-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் உண்டு. அவற்றில் உலகில் வேறெங்கும் இல்லாமல் அந்த நாட்டில் மட்டுமே வாழ்வது ஒன்றே ஒன்றுதான்: ஹோண்டுராஸ் மரகதச் சிட்டு, அறிவியல் பெயர் அமசிலியா லூசியே. நீளம் சுமார் 9 சென்டிமீட்டர். தொண்டையும் மேல்மார்பும் நீலம் கலந்த பச்சையாக மின்னும். வயிறு வெளுத்த சாம்பல். கீழலகு சிவப்பு, நுனியில் மட்டும் கறுப்பு.

1860-களில் ஜார்ஜ் லாரன்ஸ் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் பிறகு 1950 வரை உலக அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தவை மொத்தம் 11 மாதிரிகள். 1950-க்குப் பின் ஒரு தகவலும் இல்லை. போய்விட்டது என்றே பலர் நினைத்திருந்த நேரத்தில், 1988-இல் ஸ்டீவ் ஹாவெல், சோஃபி வெப் என்ற பறவை ஆய்வாளர்கள் அகுவான் பள்ளத்தாக்கில் ஒலாஞ்சிட்டோ, கொயோலெஸ் ஊர்களுக்குப் பக்கத்தில் இதை மறுபடி கண்டார்கள். அதுவும் சரியான இடத்தில் தேடியபோது சுலபமாகவே கிடைத்தது.

கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் போனதற்குக் காரணம் அந்த இடம்தான். வடக்கே கரீபியன் கடல், கடலை ஒட்டி நோம்பிரே தே தியோஸ் மலைத்தொடர். கடற்காற்று கொண்டுவரும் மழை முழுவதும் மலைக்கு அந்தப்பக்கமே கொட்டிவிடுகிறது. தென்பக்கத்து அகுவான் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. அதனால் அங்கே வளர்வது தூண் தூணாக நிற்கும் கள்ளி, சப்பாத்திக்கள்ளி, முள்மரங்கள், தரையில் குத்துக்குத்தாக முள்ளிலைச் செடிகள். வெயிலில் எல்லாம் சாம்பல் நிறமாக நிற்கும். பறவை தேடி வருகிறவர்கள் எல்லோரும் மலைமேல் ஈரக்காட்டுக்குப் போனார்கள். இந்த முள்காட்டில் யாருக்கு என்ன வேலை?

என் ஆதங்கமும் இதுதான். இந்தச் சிட்டுக்கு வந்த ஆபத்து எல்லாமே "இது வெறும் புதர்" என்ற ஒரு நினைப்பிலிருந்து வந்தது. வாழைத்தோட்டம் போட, மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் ஆக்க, சாலை போட, முதலில் அழிக்கப்பட்டது புதர்தான். மழைக்காட்டை வெட்டினால் கேட்க நாலு பேர் வருவார்கள். முள்ளை வெட்டினால் நிலத்தைச் சுத்தம் செய்தான் என்று பாராட்டுவார்கள்.

சிறகி:

அருமையான தொடக்கம் அண்ணா. ஒரு சந்தேகம். நம் ஊரில் செம்பருத்தியில் வந்து தேன் குடிப்பதையும் பலர் ரீங்காரச்சிட்டு என்று சொல்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தானா?

முள்வேலி:

இல்லைம்மா. நம்முடையவை தேன்சிட்டுகள், அது வேறு குடும்பம். ரீங்காரச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான், 350-க்கும் மேற்பட்ட இனங்கள். ஹோண்டுராஸ் போனால்தான் இதைப் பார்க்க முடியும்.

தூரதேசி:

போய்ப் பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் எழுதுகிறேன். டெக்சாஸில் வேலை பார்த்த காலத்தில் லா செய்பாவுக்குப் போயிருந்தேன். கடற்கரை ஊர், பின்னால் பிகோ போனிட்டோ மலை, எப்போதும் மேகம் மூடியிருக்கும். அங்கிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு ஒலாஞ்சிட்டோவுக்கு வண்டியில் போகும்போது பச்சை படிப்படியாக வடிந்துவிடும். கொயோலெஸ் வந்தால் இரண்டு பக்கமும் வாழை. ஸ்டாண்டர்ட் ஃப்ரூட் கம்பெனி உருவாக்கிய ஊர் அது. பாசனம் உள்ள இடமெல்லாம் வாழை, பாசனம் எட்டாத இடமெல்லாம் மாட்டுப் புல், இரண்டும் இல்லாத துண்டு துக்காணிகளில் முள்காடு.

காலை வெயில் ஏறுவதற்குள் பார்க்க வேண்டும் என்று கூட வந்த உள்ளூர் வழிகாட்டி அவசரப்படுத்தினார். பெடிலாந்தஸ் என்ற பால் வடியும் புதர்கள் அங்கே நிறைய. நம் ஊரில் தோட்டத்து ஓரமாக வேலிக்கு வளர்க்கிறோமே, வளைந்து வளைந்து போகும் தண்டு, குட்டிச் செருப்பு போல சிவந்த பூ, அதற்கு நெருங்கின உறவு. அதன் பக்கத்தில் நின்றோம். முதலில் சத்தம்தான். 'டிக் டிக்' என்று வறட்டுச் சத்தம். அப்புறம் ஒரு பூவின் வாய்க்கு நேராக வந்து அந்தரத்தில் நின்றது. நிழலில் இருந்தவரை சாதாரண மங்கல் நிறச் சிட்டுதான். தலையைத் திருப்பி வெயில் பட்டதும் தொண்டை முழுக்கப் பச்சை பற்றிக்கொண்டது. ஒரு பூவில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. பிறகு பக்கத்து முள்மரத்தின் காய்ந்த குச்சியில் உட்கார்ந்து, அங்கிருந்து பாய்ந்து ஏதோ சின்னப் பூச்சியைப் பிடித்தது. தேன் மட்டுமே குடித்து வாழ்வதில்லை. பூ குறைந்த மாதங்களில் பூச்சிதான் பெரிய பிடிமானம், குஞ்சுகளுக்கும் பூச்சி இல்லாமல் முடியாது.

அதே புதரடியில் ஒரு பெரிய கறுப்பு ஓணானையும் பார்த்தேன். ஹமோ நெக்ரோ என்கிறார்கள், வாலில் முள் வளையம் இருக்கும் இகுவானா வகை. அதுவும் இந்தப் பள்ளத்தாக்கையும் கடலில் கயோஸ் கொச்சினோஸ் தீவுகளையும் விட்டால் வேறெங்கும் இல்லை. உள்ளூரில் பிடித்துச் சாப்பிடுவார்கள். ஆக, அந்த முள்காட்டைக் காப்பாற்றினால் சிட்டு மட்டும் பிழைக்காது.

கொங்கு_பட்டி:

மாடு வைத்திருப்பவன் என்பதால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பள்ளத்தாக்கில் மாடு வளர்ப்பவன் என்ன பெரிய கம்பெனி முதலாளியா? பலர் சின்ன ஆட்களாகத்தான் இருப்பார்கள். பத்து ஏக்கர் முள்ளை வெட்டிப் புல் போட்டால் வருடம் முழுவதும் பால் காசு. முள்ளை அப்படியே விட்டால் என்ன கிடைக்கும்? வெளிநாட்டிலிருந்து நாலு பேர் வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போவார்கள். அவன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை அந்தப் போட்டோ கட்டாது. "அழிக்கிறான்" என்று எழுதுவது சுலபம்.

முள்வேலி:

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை கொங்கு. இதைப் பேசாமல் அந்த ஊரைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. மிச்சமிருக்கும் முள்காட்டில் பெரும்பகுதி தனியார் நிலம். அரசு வேலி போட்டு "உள்ளே வராதே" என்று சொல்லும் வழி அங்கே செல்லாது. இன்னொன்றும் இருக்கிறது. அகுவானின் கீழ்ப்பகுதியில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கும் விவசாயிகளுக்கும் நடந்த நிலத் தகராறில் 2009-க்குப் பிறகு 100-க்கும் மேற்பட்டோர் உயிர் போயிருக்கிறது. மரகதச் சிட்டு இருப்பது மேல்பகுதி, என்றாலும் ஆறு ஒன்று, ஜனங்கள் ஒன்று. அந்த மண்ணில் "பாதுகாப்புக்காக நிலம் எடுக்கிறோம்" என்று யார் வந்து நின்றாலும் ஜனங்களுக்குப் பயம் வரத்தான் செய்யும்.

ஆனால் புல் விஷயத்தில் ஒரு மறுப்பு. அங்கே போடுவது பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தீவனப் புல், நீங்கள் வளர்க்கும் கினியா புல் போன்றவை. கோடையில் அது காய்ந்து நிற்கும். அடுத்த மழைக்குப் புதுப்புல் தழைக்க வேண்டும் என்று தீ வைப்பார்கள். அந்தத் தீ மேய்ச்சல் நிலத்தோடு நிற்பதில்லை, பக்கத்து முள்காட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டே போகும். கள்ளிக்குத் தீயைத் தாங்கும் பழக்கம் கிடையாது, உடம்பு முழுக்கத் தண்ணீர், வெந்து சாய்ந்துவிடும். வெந்த இடத்தில் முதலில் முளைப்பது மறுபடி அந்தப் புல். வெட்டுகிறவன் கைவைக்காத இடமும் இப்படித்தான் போகிறது.

நெல்லைச்சிட்டு:

எனக்குப் புரியாத ஒன்று. இனங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் உலக அமைப்பான ஐயுசிஎன்-இன் பட்டியலில் இதை முன்பு 'மிக அருகிய இனம்' என்று வைத்திருந்தார்கள். அப்புறம் 'அருகிய இனம்' ஆக்கினார்கள். 2020-இல் 'அழிவுக்கு ஆளாகக்கூடிய இனம்' என்று இன்னும் ஒரு படி இறக்கிவிட்டார்கள். நிலைமை நன்றாகிவிட்டது என்றுதானே பொருள்? பிறகு எதற்கு இவ்வளவு கவலை? அந்தப் பணத்தை நிஜமாகவே விளிம்பில் நிற்கும் இனங்களுக்குக் கொடுக்கலாமே.

எஸ்_கே_வி:

நெல்லைச்சிட்டு, பறவை பெருகியதால் படி இறங்கவில்லை. தேடுகிறவர்கள் பெருகியதால் இறங்கியது. 1988-இல் தெரிந்தது அகுவான் மட்டும். பிறகு டேவிட் ஆண்டர்சன் போன்ற ஆய்வாளர்கள் ஒலாஞ்சோ மாநிலத்து அகால்டா பள்ளத்தாக்கு, மேற்கே சாண்டா பார்பரா என்று மற்ற வறண்ட பள்ளத்தாக்குகளில் இறங்கித் தேடினார்கள். பழைய மாதிரிகள் பிடிக்கப்பட்ட மேற்குப் பகுதியில் அது இன்னும் இருக்கிறது என்று தெரிந்தது. நாம் நினைத்ததைவிடப் பரவல் அதிகம், எண்ணிக்கை அதிகம். நல்ல சேதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் காடு துண்டு துண்டாகக் கிடக்கிறது, துண்டுகள் சுருங்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு பள்ளத்தாக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் மலை. பட்டியல் சொல்வது இன்றைய கணக்கு. நிலம் போகும் திசை வேறு.

அமெரிக்க அரசு 2015-இல் இதைத் தங்கள் சட்டத்தின் அருகிய இனப் பட்டியலில் சேர்த்தது. அதனால் ஹோண்டுராஸில் ஒரு முள்மரம்கூட நேரடியாகக் காப்பாற்றப்படவில்லை. அந்தச் சட்டம் வெளிநாட்டு நிலத்தில் செல்லாது, பறவையை வாங்குவது விற்பதைத்தான் தடுக்கும். இந்தச் சிட்டைக் கூண்டில் வைத்து யாரும் விற்கவில்லை. ஆனால் பெயர் வெளியே தெரிந்தது, நிதி கேட்கும்போது ஒரு பிடி கிடைத்தது. அவ்வளவு பயன் உண்டு.

அகத்தி:

கூண்டு என்றதும் கேட்கிறேன். பிடித்து வளர்த்து இனப்பெருக்கம் செய்து விடலாமே? கழுகுகளுக்கு அப்படிச் செய்கிறார்களே.

எஸ்_கே_வி:

பாறுக் கழுகுகளுக்கு அது தேவைப்பட்டது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளை நிலம் முழுக்கக் கொன்றுகொண்டிருந்தது, மருந்து நிற்கும்வரை சிலவற்றை உள்ளே வைத்துக் காக்க வேண்டியிருந்தது. இங்கே பறவைக்கு நோயும் இல்லை, விஷமும் இல்லை. காடு இருந்தால் தானே பெருகும். சிலந்தி நூலும் பஞ்சும் வைத்துக் கூடு கட்டும், இரண்டு முட்டை, தாய் மட்டும் தனியாக வளர்க்கும், ஆண் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்கு நம் உதவி வேண்டாம். கூண்டில் வளர்த்து வெளியே விட்டால் எங்கே போய் உட்காரும்? மாட்டுப் புல்லிலா?

சிறகி:

காப்பகம் எதுவும் கிடையாதா அண்ணா?

முள்வேலி:

இருக்கிறது. 2005-இல் யோரோ மாநிலத்தில் அரேனல் பக்கம் இந்தச் சிட்டின் பெயரிலேயே வனவிலங்குப் புகலிடம் அறிவித்தார்கள், சுமார் 1,200 ஹெக்டேர். அந்த நிலம் எப்படித் தப்பியது தெரியுமா? ஹோண்டுராஸ் விமானப்படையின் நிலம் அது. பொதுமக்களுக்கு நுழைவு இல்லாததால் வாழையும் வரவில்லை, மாடும் அதிகம் வரவில்லை. காடு என்று மதித்து யாரும் காக்கவில்லை, வேறு காரணத்துக்காகப் பூட்டி வைத்ததில் மிஞ்சியது. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

அப்புறம் சாலை. ஒலாஞ்சிட்டோவிலிருந்து யோரோ போகும் சாலையைத் தார் போட உலக வங்கி கடன் கொடுத்தது. சாலை போவது சரியாக இந்த முள்காட்டு வழியே. அமெரிக்கப் பறவைக் காப்பு அமைப்புகளும் உள்ளூர் ஆட்களும் குரல் கொடுத்ததால், சிட்டின் வாழிடத்தைக் காப்பதும் திட்டத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது. எனக்குச் சாலை மேல் கோபம் இல்லை. பிரசவத்துக்குப் போகும் பெண் குண்டும் குழியுமான மண்சாலையில் போகட்டும் என்று யார் சொல்வது? தார் போட்டதும் இரண்டு பக்க நிலத்தின் விலை ஏறும், விலை ஏறினால் முள்ளை வெட்டி விற்பார்கள். சாலைக்கு எடுக்கும் அகலத்தைவிட அந்த இரண்டாவது வெட்டுதான் பல மடங்கு பெரியது. மதிப்பீட்டு அறிக்கைகளில் முதலாவதைத்தான் அளக்கிறார்கள்.

நெல்லைச்சிட்டு:

இதைப் படிக்கும்போது ஆந்திராவின் ஜெர்டான் கோர்சர் என்ற பறவைதான் நினைவுக்கு வருகிறது. கடப்பா பக்கம் லங்காமலை முள்காடு. அதுவும் பல பத்தாண்டுகள் அழிந்துவிட்டதாக நினைக்கப்பட்டு 1986-இல் கிடைத்தது, இந்தச் சிட்டுக்கு இரண்டு வருடம் முன்னால். அங்கே சாலைக்குப் பதில் தெலுங்கு கங்கைக் கால்வாய். வாழிடத்துக்குள்ளேயே தோண்டத் தொடங்கி, எதிர்ப்புக்குப் பிறகு பாதையை மாற்றினார்கள். சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவரும் அதே திட்டம்தான், ஆக நமக்கும் இதில் பங்கு உண்டு. எஸ்_கே_வி சொன்னதை ஏற்கிறேன். படி இறங்கியதை வைத்து நிம்மதி அடையக் கூடாது.

அகத்தி:

நம்ம ஊர்ப் பக்கமும் இதே கதைதான். அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத்தில் புதர்க்காடு ஒரு தரிசு வகை. சூரிய மின்தகடு போடுகிறவர்கள் முதலில் அங்கேதான் வருகிறார்கள். முயலும் நரியும் கௌதாரியும் இருக்கிற இடம்.

கொங்கு_பட்டி:

அகத்தி, சீமைக்கருவேலம் மண்டியதையும் காடு என்பீர்களா? எங்கள் பக்கம் கிணற்றையே வற்ற வைத்துவிட்டது.

அகத்தி:

அதைச் சொல்லவில்லை அண்ணா. சீமைக்கருவேலம் வெளியிலிருந்து வந்தது. அதன் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம், ஏறக்குறைய இந்தச் சிட்டு வாழும் மாதிரியான வறண்ட நிலங்கள். அங்கே அது மற்ற மரங்களோடு ஒரு மரமாக நிற்கும். இங்கே தனியாட்சி. அதே கணக்கில் ஆப்பிரிக்கப் புல் அங்கே போய் ஆட்டம் போடுகிறது. முள் இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, அந்த மண்ணுக்கு உரிய முள்ளா என்று பார்க்க வேண்டும்.

தூரதேசி:

கொங்கு அண்ணன் கேட்ட வருமானக் கேள்விக்கு யாரும் முழுப் பதில் சொல்லவில்லை. அதே மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டாரிகாவில் நடந்ததைச் சொல்கிறேன். குவானகாஸ்டே பகுதியும் இதே வறண்ட காடுதான். டேனியல் ஜான்சன் என்ற சூழலியலாளர் 1980-களிலேயே, வெப்பமண்டலத்தில் மிக ஆபத்தில் இருக்கும் பெரிய காட்டு வகை மழைக்காடு அல்ல, வறண்ட காடுதான் என்று எழுதினார். மத்திய அமெரிக்காவின் பசிபிக் பக்கத்தில் சிதையாமல் இருந்தது அப்போதே 2 சதவீதத்துக்கும் கீழ். அவரும் அவரோடு வேலை செய்த வின்னி ஹால்வாக்ஸும் அங்கே என்ன செய்தார்கள்? பண்ணை நிலங்களை விலை கொடுத்து வாங்கினார்கள், பலவந்தம் இல்லை. தீயை நிறுத்தினார்கள், அதற்கு உள்ளூர்க்காரர்களையே தீக்காவலுக்குச் சம்பளத்துக்கு வைத்தார்கள். மாட்டை உடனே விரட்டவில்லை. ஹராகுவா என்ற ஆப்பிரிக்கப் புல் ஆளுயரம் வளர்ந்து தீக்கு எண்ணெயாக நின்றது. அதை மேய்ந்து குறைக்க முதல் சில வருடங்கள் மாட்டையே பயன்படுத்தினார்கள். காற்றும் பறவையும் விதை கொண்டுவந்தன. மேய்ச்சல் நிலமாக இருந்த இடங்களில் இன்று காடு நிற்கிறது. பண்ணையில் மாடு ஓட்டிக்கொண்டிருந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே பூச்சி, செடி பட்டியலிடும் களப்பணியாளர்களாக வேலை பார்க்கிறார்கள்.

ஆகவே மாட்டுக்காரனும் காடும் எதிரெதிர் கட்சி என்று வைத்துப் பேச வேண்டியதில்லை. அகுவானில் குவானகாஸ்டே அளவு பணம் இல்லை, நிலப் பிரச்சினையும் கடுமை. ஆனால் தீயை மட்டும் நிறுத்தினாலே முள்காட்டின் ஓரங்கள் தானாக வெளியே நகரத் தொடங்கும்.

கொங்கு_பட்டி:

இது நியாயமான பேச்சு. தீக்காவலுக்குச் சம்பளம், வேலி ஓரத்தில் பத்தடி முள்ளை விட்டுவைப்பவனுக்கு வருடத்துக்கு ஒரு தொகை என்றால் நானே சம்மதிப்பேன். என் பட்டியில் கிளுவை வேலி இன்னும் இருக்கிறது, அப்பா காலத்தில் போட்டது. கம்பி வேலிக்கு மாறச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள், நான் மாறவில்லை. வேலிக்குள் இருக்கும் குருவிகளைப் பார்த்தால் மாற மனசு வராது. அந்த ஊர்க்காரனும் அப்படித்தான் இருப்பான். அவனை உட்கார வைத்துப் பேச ஆள் வேண்டும்.

முள்வேலி:

கொங்கு, நீங்கள் சொன்ன உயிர்வேலி அங்கேயும் உண்டு. மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே மரங்களையே வேலிக்காலாக நட்டு வளர்க்கும் பழக்கம் மத்திய அமெரிக்கா முழுக்க இருக்கிறது. இரண்டு காட்டுத் துண்டுகளுக்கு நடுவே சிட்டு பறந்து போக ஒரு கோடு பச்சை இருந்தால்கூடப் பெரிய உதவி. அந்த வேலியோரத்தில் பெடிலாந்தஸும் கள்ளியும் சேர்ந்து நின்றால் இன்னும் நல்லது. இரண்டையும் மாடு அவ்வளவாகத் தொடாது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, போத்து வெட்டி நட்டால் போதும். நில உரிமையாளர் தன் நிலத்தில் ஒரு பகுதியைத் தானே முன்வந்து காப்பகமாக அறிவிக்கும் வழியையும் அங்கே பேசிவருகிறார்கள். அதோடு தீக்காவல் சம்பளத்தையும் சேர்த்தால் நீங்கள் கேட்டதற்கு ஓரளவு பதில் கிடைக்கும்.

சிறகி:

சர்க்கரைத் தண்ணீர் கிண்ணம் தொங்கவிட்டால் அங்குள்ளவர்கள் வீட்டிலேயே பார்க்கலாமே? சுற்றுலா வருமானமும் கிடைக்குமே.

எஸ்_கே_வி:

ஈக்வடார், பெரு பக்கம் காப்பகங்களில் அப்படி வைக்கிறார்கள், வருமானமும் வருகிறது. ஆனால் கிண்ணத்தில் பூச்சி இல்லை, கூடு கட்ட மரம் இல்லை. தினமும் கழுவாவிட்டால் பூஞ்சை பிடித்துப் பறவைக்கே கேடு. சண்டைக்கார இனங்கள் வந்து மற்றவற்றை விரட்டும். காடு நிற்கிற இடத்தில் கூடுதலாக ஒன்று வைக்கலாம். காட்டுக்குப் பதிலாக வைக்க முடியாது.

தூரதேசி:

இதைப் படித்துவிட்டு யாராவது போக நினைத்தால் சில விஷயம். ஒலாஞ்சிட்டோவில் தங்கி, உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள், பேரம் பேச வேண்டாம். முள்காடு யாரோ ஒருவர் நிலம், எனவே கேட்டுவிட்டு நுழையுங்கள், நுழைவுக்காக ஏதாவது கொடுங்கள். அந்தக் காசு முள் நின்றதற்காக வந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். பார்த்ததை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதியுங்கள், பார்க்காமல் திரும்பிய துண்டு நிலங்களையும் சேர்த்து. எங்கே இல்லை என்ற கணக்குதான் குறைவாக இருக்கிறது. கூடு கண்டால் மட்டும் இடத்தைப் போடாதீர்கள். முழங்கால் வரை கனமான பேண்ட், அடி தடித்த பூட்ஸ் கட்டாயம். முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும்.